ஆபரேட்டரே மெஷினைப் பார்த்துக்கொண்டால் பிரேக்டவுன் குறையுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

எஸ்டேட்_சூப்பர்வைசர்:

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஆட்டோ பார்ட்ஸ் யூனிட்டில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும்) டர்னிங் சென்டர்கள், இரண்டு விஎம்சி (செங்குத்து மில்லிங் மெஷின்), பின்னால் ஷெட்டில் சில பவர் பிரஸ்கள். மெயின்டனன்ஸுக்கு மூன்றே பேர். அதில் ஒருவர் எலக்ட்ரீஷியன், அவருக்குப் பாதி நாள் ஜெனரேட்டரோடும் கம்ப்ரஸரோடும் போய்விடும்.

பிரச்சினை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜாப்பைப் பிடிக்கிற சக்கின் பிரஷர் இறங்குகிறது, கூலன்ட் பம்ப் அடைக்கிறது, டூல்களைத் திருப்புகிற டரட் பாதியில் நின்று அலாரம் அடிக்கிறது. மே மாதம் வந்தால் டிரைவ் சூடாகி மெஷின் நிற்கிறது, பேனல் கதவைத் திறந்து வைத்து பெடஸ்டல் ஃபேன் போட்டு ஓட்டுகிறோம் (சிரிக்காதீர்கள், உங்கள் ஷாப்பிலும் அந்த ஃபேன் இருக்கும்). பெரிய பிரேக்டவுன் எப்போதாவதுதான். பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று நிற்பதுதான் உயிரை எடுக்கிறது, அது எந்த ரிப்போர்ட்டிலும் வருவதும் இல்லை.

எங்கள் முதலாளி ஒரு கஸ்டமரின் சப்ளையர் மீட்டிங்குக்குப் போய்வந்தார். மறுநாளே, இனி ஒவ்வொரு ஆபரேட்டரும் அவரவர் மெஷினுக்குப் பொறுப்பு என்று அறிவித்துவிட்டார். எல்லா மெஷினிலும் செக் ஷீட் ஒட்டினோம். ஆயில் லெவல், பிரஷர், சத்தம், லீக் என்று வரிசையாகக் கட்டங்கள். மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் எல்லாக் கட்டத்திலும் டிக். ஞாயிற்றுக்கிழமைக்கும் டிக்! அன்று கேட்டே திறக்கவில்லை.

ஞாயிறு காலை தன் பைக்கை இரண்டு மணி நேரம் துடைத்து செயினுக்கு ஆயில் விடுகிற அதே பையன், இங்கே மெஷின் அடியில் ஆயில் குளமாகத் தேங்கினாலும் தாண்டிக்கொண்டு போகிறான். இது சின்ன யூனிட்டில் நடக்கிற காரியமா, எங்கே ஆரம்பிப்பது?

பாடி_பழைய_ஆள்:

தம்பி, நீங்கள் மூன்றாவது படியில் ஏறி நிற்கிறீர்கள், முதல் இரண்டு படி கட்டவே இல்லை.

இது டிபிஎம் (டோட்டல் புரொடக்டிவ் மெயின்டனன்ஸ்) என்கிற முழு ஏற்பாட்டின் ஒரு பகுதி, ஷாப்பில் ஜேஹெச் என்று சொல்வார்கள், ஜிஷு ஹோசென், அதாவது ஆபரேட்டரே தன் மெஷினைப் பராமரிப்பது. ஜப்பானில் அமெரிக்க முறைத் தடுப்புப் பராமரிப்பு 1950-களிலேயே வந்துவிட்டது, ஆனால் அது முழுக்க மெயின்டனன்ஸ் ஆட்கள் வேலை. டொயோட்டா குழுமத்து நிப்பான்டென்சோவில் ஆட்டோமேஷன் கூடக்கூட அந்த ஆட்களால் மட்டும் சமாளிக்க முடியாமல் போய், அன்றாடக் கவனிப்பை ஆபரேட்டரிடம் கொடுத்தார்கள். இந்த ஏற்பாட்டுக்காக 1971-ல் அவர்களுக்கு விருது கிடைத்தது. அதையெல்லாம் ஒரு முறையாகத் தொகுத்துப் பரப்பியவர் செய்ச்சி நகாஜிமா. நம் பக்கம் 1998-ல் பாடியில் சுந்தரம்-கிளேட்டன் பிரேக் பிரிவு டெமிங் பரிசு வாங்கியது. அது தரத்துக்கான பரிசு, வேறு கணக்கு, ஆனாலும் அந்தக் காலத்திலிருந்து சப்ளையர் யூனிட்களுக்கெல்லாம் ஜப்பான் சொற்கள் இறங்க ஆரம்பித்தன. சொல் வந்த வேகத்தில் வேலை வரவில்லை என்பதுதான் உங்கள் ஞாயிற்றுக்கிழமை டிக்.

ஜேஹெச்சில் ஏழு படி. முதலில் ஆரம்பச் சுத்தம். இரண்டாவது, அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடைப்பது, கை எட்டாத இடத்தை எட்டும்படி மாற்றுவது. அதற்கு அப்புறம்தான் செக் ஷீட், அதையும் ஆபரேட்டரே எழுத வேண்டும். மற்ற நாலும் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம், அங்கே போகவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

ஆரம்பச் சுத்தம் என்றால் ஆயுத பூஜைக்குத் துடைத்து சந்தனப் பொட்டு வைப்பது இல்லை. ஒரே ஒரு மெஷினை எடுங்கள், அதிகமாக நிற்கிற மெஷினாக. ஒரு ஷிப்ட் நிறுத்துங்கள். மெயின் ஆஃப், பூட்டு, சாவி ஒருவர் பையில். கவர் எல்லாம் கழற்றுங்கள், கூலன்ட் டேங்கை இறக்குங்கள், சிப் கன்வேயரை வெளியே இழுங்கள். ஆபரேட்டர், ஃபிட்டர், நீங்கள், முடிந்தால் முதலாளி. பனியன் வேஸ்ட்டும் கையுமாக உட்கார்ந்து துடையுங்கள். ஆயில் பிசுக்குப் போனால்தான் கீழே இருக்கிற விரிசல் தெரியும், போல்ட் இல்லாத ஓட்டை தெரியும், உரசித் தேய்ந்த ஹோஸ் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக் கட்டுங்கள். ஆபரேட்டரே சரி செய்யக் கூடியது வெள்ளை, மெயின்டனன்ஸ் கை வைக்க வேண்டியது சிவப்பு. முதல் நாளே மெஷின் முழுக்க டேக் தொங்கும், முதலாளிக்குக் கோபம் வரும். வரட்டும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் விட முக்கியமானது. சிவப்பு டேக்கை யார், எத்தனை நாளில் கழற்றுவது என்று முடிவு செய்யாமல் ஆரம்பிக்காதீர்கள். முதல் பத்து டேக் அப்படியே தொங்கினால் பதினோராவது டேக்கை எந்த ஆபரேட்டரும் எழுத மாட்டான், அதற்கு அப்புறம் எந்த ஜப்பான்காரன் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

செகண்ட்_ஷிப்ட்:

நான் ஆபரேட்டர்தான். பைக்கைத் துடைக்கிறான் மெஷினைத் துடைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பைக் அவனுடையது சார். தவணையும் அவன்தான் கட்டுகிறான். ரிப்பேர் என்றால் அவனே முடிவு செய்து அவனே போய்ச் சரி செய்துகொள்வான். இங்கே ஸ்பிண்டில் பக்கம் ஒரு சத்தம் வருகிறது என்று போன மாதம் சொன்னேன், "ஓடுதுல்ல, ஓட்டு" என்றார்கள். மறுபடி சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். பேரிங் போன அன்று, "ஏன் முன்னாடியே சொல்லல" என்று கேட்டவரும் அதே ஆள்தான்.

டார்கெட்டையும் பாருங்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதியிருக்கிறது. துடைக்க ஷிப்ட் கடைசிப் பத்து நிமிடம் என்பார்கள், அந்தப் பத்து நிமிடத்துக்கும் சேர்த்துத்தான் டார்கெட் போட்டிருப்பார்கள். இன்சென்டிவ் பீஸ் கணக்கில் வருகிறது, துடைத்த கணக்கில் வருவதில்லை. அப்படியிருக்க, நின்றுகொண்டு ஆயில் லெவல் பார்ப்பவன் ஏமாளி.

எங்கள் லைனில் பாதிப் பேர் கான்ட்ராக்ட், ஆறு மாதத்தில் வேறு கம்பெனி. அவர்களிடம் போய் மெஷின் உன்னுடையது என்றால் சிரிப்பார்கள். நிஜமாகவே சிரித்தார்கள்.

எஸ்டேட்_சூப்பர்வைசர்:

செகண்ட்_ஷிப்ட், நீங்கள் சொல்வது உறைக்கிறது. டார்கெட் விஷயம் சரிதான், எங்கள் போர்டிலும் அப்படித்தான் இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன். கான்ட்ராக்ட் ஆட்கள் விஷயத்துக்கு என்னிடமும் பதில் இல்லை.

கிரீஸ்_கன்:

மெயின்டனன்ஸ் ஆள் பேசுகிறேன். எல்லோரும் ஆபரேட்டருக்கு அதிகாரம் கொடு என்கிறீர்கள், கொடுத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன்.

மோட்டாருக்கு கிரீஸ் அடி என்று சொன்னால், வெளியே வழிகிற வரைக்கும் அடிப்பார்கள். கிரீஸ் அதிகமானால் பேரிங் உள்ளேயே கடைந்து கடைந்து சூடாகும், சீல் பிதுங்கும், கிரீஸ் வைண்டிங் பக்கம் போகும். கம்மியால் செத்த பேரிங்கைப் போலவே அதிகமானதால் செத்த பேரிங்கையும் நிறையக் கழற்றியிருக்கிறேன். மெஷினைச் சுத்தம் செய் என்றால் காற்றைப் பீய்ச்சுகிற ஏர் கன்னைப் பிடிப்பார்கள். வைப்பருக்கு அடியில் பொடி போய் உட்காரும், ஸ்லைடு நகர்கிற கைடுவேயில் கோடு விழும். சக் பிடிக்கவில்லை என்றால் பிரஷரை ஏற்றுவார்கள், மெல்லிய ஜாப் ஓவல் ஆகும், அப்புறம் குவாலிட்டி ஆள் வந்து என்னிடம் சண்டை போடுவான். கூலன்ட் குறைந்தால் பச்சைத் தண்ணீரை ஊற்றுவார்கள், அதுவும் போர் தண்ணீர். அந்த உப்புக்கு கூலன்ட் திரிந்து ஜாப் துருப்பிடிக்கும். திங்கட்கிழமை காலை ஷாப்பில் முட்டை நாற்றம் அடிப்பது ஏன் என்று நினைக்கிறீர்கள்? ஞாயிறு முழுக்க அசையாமல் கிடந்த டேங்கின் மேல் ஆயில் படலம் மூடி, அடியில் பாக்டீரியா குடித்தனம் நடத்துகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. யுனைடெட் ஏர்லைன்ஸில் நௌலனும் ஹீப்பும் 1978-ல் ஒரு அறிக்கை கொடுத்தார்கள். விமானப் பாகங்களில் சுமார் 11 சதவீதம்தான் வயதாகித் தேய்ந்து போகிற வகை, மீதி 89 சதவீதத்துக்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை, அதிலும் பெரும்பங்கு, புதிதாக மாட்டிய உடனே கெடுகிற வகை. விமானக் கணக்கு நம் லேத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் சும்மா இருக்கிற மெஷினைத் திறந்து மூடினாலே புதுக் கோளாறு வரும் என்பது ஃபிட்டர் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஷிப்ட் முழுக்கக் கவர் கழற்றச் சொல்கிறீர்கள், மாட்டும்போது ஒரு ப்ராக்சிமிட்டி சுவிட்ச் (தொடாமலே பாகம் வந்ததை உணர்கிற சென்சார்) ஒரு மில்லி தள்ளிப் போனால் இரண்டு நாள் அலாரம்தான்.

பாடி_பழைய_ஆள்:

கிரீஸ்_கன், ஒன்றுக்கும் மறுப்பில்லை, ஆனால் நீங்கள் எழுதியது முழுவதும் சொல்லிக் கொடுக்காததன் பட்டியல். மோட்டாருக்கு கிரீஸ் கன்னில் எத்தனை ஸ்ட்ரோக் என்று கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள் பக்கத்தில் பெயின்டில் எழுதியிருக்கிறீர்களா? பிரஷர் கேஜில் எதுவரை சரி என்று பச்சைப் பட்டை ஒட்டியிருக்கிறீர்களா? கூலன்ட் கலவையின் அடர்த்தியைப் பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர் யார் டிராயரில் பூட்டியிருக்கிறது?

எல்லையைப் பிரியுங்கள். பார்ப்பது, துடைப்பது, ஆயில் நிரப்புவது, போல்ட் இறுக்குவது, வடிகட்டியைக் கழுவுவது ஆபரேட்டருக்கு. செட்டிங், பிரஷர், எலக்ட்ரிக்கல், பேரிங் உங்களுக்கு. மோட்டார் கிரீஸ் உங்களிடமே இருக்கட்டும், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஏர் கன் கூடாது, பிரஷும் வேக்வமும்தான். நௌலன் ஹீப் சொன்னதை வைத்துப் பார்த்தால் தேதி வைத்துப் பாகம் மாற்றுவதை விட நிலைமையைப் பார்த்து மாற்றுவதுதான் நல்லது. எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நிற்கிறவனை விட நிலைமை பார்க்க ஆள் யார்?

ஒரகடம்_ஓஇஇ:

நம்பரைப் பற்றியும் கொஞ்சம். சின்ன நிறுத்தங்கள் ரிப்போர்ட்டில் வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதை எப்படிப் பிடிப்பது என்று சொல்கிறேன்.

480 நிமிட ஷிப்ட், 30 நிமிடம் இடைவேளை, ஆக 450. அதில் பிரேக்டவுனும் செட்டிங்குமாக 60 நிமிடம் நின்றது, ஓடியது 390. கிடைப்பு 86.7 சதவீதம். ஒரு பீஸுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 390 நிமிடத்தில் 260 பீஸ் வந்திருக்க வேண்டும், வந்தது 220. வேகம் 84.6. அந்த 40 பீஸ் எங்கே போனது? யாரும் எழுதாத உங்கள் சின்ன நிறுத்தங்கள் அங்கேதான் இருக்கின்றன. 220-ல் 213 நல்லது, தரம் 96.8. மூன்றையும் பெருக்கினால் ஓஇஇ, அதாவது மெஷினின் மொத்தப் பயன்திறன், 71 சதவீதம். பிரேக்டவுன் ரிஜிஸ்டரை மட்டும் பார்க்கிறவருக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

உலகத் தரம் 85 சதவீதம் என்று ஒரு எண் சுற்றுகிறது, அதை முதலாளி கண்ணில் காட்டாதீர்கள். காட்டினால் அடுத்த மாதமே 85 வரும். மெஷின் அப்படியே இருக்கும், சைக்கிள் டைமைக் கூட்டி எழுதியிருப்பார்கள். எங்கள் பக்கத்திலேயே ஓஇஇ 104 சதவீதம் வந்த போர்டைப் பார்த்திருக்கிறேன்.

முதலாளியை இழுக்க வேண்டுமென்றால் காற்றிலிருந்து ஆரம்பியுங்கள், ஏனென்றால் அது கரண்ட் பில்லில் தெரியும். வார விடுமுறையில் எந்த மெஷினும் ஓடாதபோது கம்ப்ரஸரை மட்டும் போட்டு, எவ்வளவு நேரம் லோடில் (காற்றை அடைத்துக்கொண்டு) ஓடுகிறது, எவ்வளவு நேரம் அன்லோடில் (அடைக்காமல் சும்மா) என்று குறியுங்கள். ஒரு நிமிடம் லோட், மூன்று நிமிடம் அன்லோட் என்றால் கம்ப்ரஸர் திறனில் கால் பங்கு ஓட்டை வழியாகப் போகிறது. 20, 30 சதவீதம் கசிகிற ஷாப்கள் சாதாரணம். சோப்பு நுரையோடு ஆபரேட்டர்களை அனுப்புங்கள், ஒரே நாளில் டேக் போட்டுவிடுவார்கள்.

தோழர்_திருவொற்றியூர்:

இத்தனை பேர் எழுதியும் ஒரு கேள்வி வரவில்லை. இந்த வேலைக்குச் சம்பளம் உண்டா?

துடைப்பதும் ஆயில் போடுவதும் வேலைதான். ஷிப்டுக்கு உள்ளே நேரம் ஒதுக்கினால் பேச்சில்லை. ஷிப்ட் முடிந்து பெல் அடித்த பிறகு இருந்து துடைத்துவிட்டுப் போ என்றால் அது ஓவர்டைம், இரட்டைச் சம்பளம். அடுத்து, மூன்று மெயின்டனன்ஸ் ஆட்கள் இருக்கிற இடத்தில் ஆபரேட்டரே பார்த்துக்கொள்கிறார் என்று ஆனதும் இரண்டு பேர் போதும் என்று கணக்குப் போடுவார்களா, மாட்டார்களா? கிரீஸ்_கன் நண்பர் கோபமாக எழுதியதில் பாதி இந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன், அதில் தப்பும் இல்லை. முதலிலேயே ஆள் குறைக்க மாட்டோம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பாதுகாப்பு இன்னும் முக்கியம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவில், ஓடுகிற மெஷினில் கை வைத்து ஆயில் போடவோ பெல்ட் மாட்டவோ, தனிப் பயிற்சி பெற்று, இறுக்கமான உடை போட்ட ஆள்தான் போக வேண்டும், அவர் பெயர் ரிஜிஸ்டரில் இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதினார்கள். எத்தனை யூனிட்டில் அந்த ரிஜிஸ்டரைப் பார்த்திருக்கிறீர்கள்? இப்போது சட்டத் தொகுப்புகள் மாறினாலும் சுற்றுகிற ஷாஃப்ட் மாறவில்லை. பவர் பிரஸ் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். பிரஸ்ஸில் கிளட்ச், பிரேக், டை பக்கம் ஆபரேட்டர் சுத்தம் செய்யப் போகும்போது ஃப்ளைவீல் முழுதாக நிற்க வேண்டும், மேலிருந்து அடிக்கிற ராம் கீழே இறங்காமல் பிளாக் வைத்திருக்க வேண்டும். ஸ்விட்ச் ஆஃப் செய்தேனே என்பது போதாது, ஃப்ளைவீல் அதற்கு அப்புறமும் சுற்றும். விரல் போன தோழர்களை ஆஸ்பத்திரியில் பார்த்தவன் சொல்கிறேன்.

லைன்_லீடர்_ஸ்ரீபெரும்புதூர்:

எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி லைன், பெரும்பாலும் பெண்கள். எங்களுக்கு ஸ்பேனர் பிடிக்கிற வேலை கிடையாது, ஆனால் டேக் எழுதுவதில் எங்கள் லைன்தான் முன்னால்.

மொழியில்தான் முதலில் தடுக்கியது. டேக் ஆங்கிலத்தில் அச்சடித்து வந்தது, கோளாறு வகை என்று பன்னிரண்டு தலைப்பு. எந்தத் தலைப்பில் டிக் போடுவது என்று தெரியாததால் யாரும் எழுதவே இல்லை. ஒரு லீடர் அக்கா, வெற்றுத் தாளில் "பசை அடிக்கிற ஊசி காலையில் நல்லா வருது, சாப்பாட்டுக்கு அப்புறம் இழுக்குது" என்று எழுதிக் கட்டினாள். மெயின்டனன்ஸ் தம்பி அதைப் படித்துவிட்டு நேராக ஹீட்டரைப் பார்த்தான், இடைவேளையில் சூடு இறங்குவதுதான் காரணம். அந்தப் பன்னிரண்டு தலைப்பில் எதில் போட்டிருந்தாலும் அது தெரிந்திருக்காது. எப்போது வருகிறது, எதற்கு அப்புறம் வருகிறது என்று சொந்தப் பேச்சில் எழுத விடுங்கள். இந்தி, ஒடியா பேசுகிறவர்கள் அவர்கள் மொழியிலேயே எழுதட்டும், படிக்க ஆள் இருக்கிறார்கள்.

சொல்லிக்கொடுப்பதும் அப்படித்தான். ஒரு தாள், ஒரு விஷயம், ஒரு படம், ஐந்து நிமிடம். சரியான நிலை இடது பக்கம், தப்பான நிலை வலது பக்கம். அந்தத் தாளை ஆபரேட்டரே வரைந்தால் மற்றவர்கள் படிக்கிறார்கள், ஆபீஸில் அச்சடித்து வந்தால் சுவரில் தொங்குகிறது.

தோழர் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். பெண்கள் ஷால் போட்டுக்கொண்டு, முடியைப் பின்னல் தொங்கவிட்டுக்கொண்டு கன்வேயர் பக்கம் துடைக்கப் போகக் கூடாது. தொப்பியும் கோட்டும் போட்ட பிறகுதான் எந்தக் கவரையும் தொடுவது.

குரோம்பேட்டை_பிரஸ்_ஷாப்:

முதல் படியைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், ஆளை நிறுத்தி வைப்பது இரண்டாவது படிதான். துடைத்த மெஷின் மறுநாளே பழையபடி ஆனால் எவனும் மூன்றாவது நாள் துடைக்க மாட்டான்.

எங்களிடம் ஒரு மெஷினில் கூலன்ட் தெறித்துத் தரை முழுக்க ஓடும், ஆபரேட்டர் தினமும் மரத்தூள் போட்டு அள்ளிக்கொண்டிருந்தார். கதவுக்குக் கீழே ஒரு விரற்கடை இடைவெளி. அவரே ஒரு ஷீட் மெட்டல் துண்டை எல் வடிவத்தில் மடித்து, ரப்பர் ஒட்டி வைத்தார். தரை காய்ந்தது, கூடவே டேங்க் காலியாவதும் நின்றது, பம்ப் காற்று இழுத்து அலறுவதும் நின்றது. ஒரு துண்டுத் தகடு.

எட்டாத இடமும் அப்படித்தான். பெல்ட்டை மூடியிருக்கிற கார்டைக் கழற்றினால்தான் பெல்ட் தெரியும் என்றால் யார் பார்ப்பார்கள்? தகட்டை வெட்டி பாலிகார்பனேட் ஷீட் போட்டோம், நின்ற இடத்திலிருந்தே தெரிகிறது. போல்ட் தலையிலும் மெஷின் உடம்பிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டால், கோடு முறிந்திருப்பதைப் பார்த்தே கழன்றது தெரியும், ஸ்பேனர் வேண்டாம்.

நம் ஊர் காற்றையும் மறக்காதீர்கள். மழைக்காலத்தில் ஏர் லைனில் தண்ணீர் கோப்பை கோப்பையாக இறங்கும். ஃபில்டர் கிண்ணத்தை வடிக்காமல் விட்டால் காற்றைத் திறந்து மூடுகிற சோலனாய்டு வால்வு சிக்கும், சிலிண்டர் மெதுவாக நகரும், ஆள் போய் சென்சாரை மாற்றுவான். காலை முதல் வேலை வடிப்பதுதான் என்று வைத்தோம், நியூமேட்டிக் புகார் நன்றாகவே குறைந்தது.

எஸ்டேட்_சூப்பர்வைசர்:

சில வாரம் ஆனதால் திரும்ப எழுதுகிறேன். ஒரு டர்னிங் சென்டரை எடுத்து, பழைய ஆள் அண்ணன் சொன்னபடி ஒரு ஷிப்ட் நிறுத்தினோம். முதலாளி வந்தார், அரை மணி நேரம்தான் இருந்தார், ஆனால் உட்கார்ந்து துடைத்தார். அதற்கே ஷாப்பில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

கண்டுபிடித்ததில் ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். ஸ்லைடுக்கு ஆயில் போகிற தானியங்கி லூப் யூனிட். செக் ஷீட்டில் அதற்கு "ஆயில் லெவல் சரி" என்று எப்போதும் டிக்தான், அது பொய்யும் இல்லை, டேங்க் நிரம்பித்தான் இருந்தது. ஆபரேட்டர் துடைத்துக்கொண்டிருக்கும்போது, "சார், இதில் நான் ஆயில் ஊற்றி ரொம்ப நாள் ஆச்சு, பக்கத்து மெஷினுக்கு வாரம் ஒரு தடவை ஊற்றுகிறேன்" என்றார். லைனைக் கழற்றினால் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் அடைத்துக்கொண்டு ஒரு சொட்டுகூடப் போகவில்லை. ஸ்லைடு காய்ந்து ஓடிக்கொண்டிருந்தது, எக்ஸ் ஆக்சிஸ் லோடு அலாரம் அதனால்தான் என்று கிரீஸ்_கன் மாதிரியே பேசுகிற எங்கள் ஃபிட்டரே ஒப்புக்கொண்டார். இப்போது அந்தக் கட்டத்தில் "லெவல் சரி" இல்லை, "நேற்றுக் கோட்டிலிருந்து எவ்வளவு இறங்கியது" என்று மாற்றியிருக்கிறோம். இறங்காவிட்டால் சிவப்பு டேக்.

செக் ஷீட்டை ஆபரேட்டரே திருப்பி எழுதினார், நான் ஒட்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. காலையில் பத்து நிமிடம் டார்கெட்டிலிருந்து கழித்தாகிவிட்டது, முதலாளியிடம் அதற்குத்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. ஆள் குறைப்பு இல்லை என்று வாயால் சொல்லியிருக்கிறார், எழுத்தில் இன்னும் வரவில்லை. தோழர், மறக்கவில்லை.

சிவப்பு டேக்கில் பெரும்பாலானவை கழன்றுவிட்டன. தொங்குகிறவை ஸ்பேர் வர வேண்டியவை. அவற்றில் எப்போது ஆர்டர் போட்டோம், எப்போது வரும் என்று பேனாவால் எழுதிவிட்டோம். எழுதிய பிறகு கேள்வி கேட்பது குறைந்திருக்கிறது. பேனல் ஃபேனின் வடிகட்டி கம்பளி மாதிரி ஆகியிருந்தது, கழுவிப் போட்டு பெடஸ்டல் ஃபேனை எடுத்துப் பார்க்கிறோம். மே வரட்டும், அப்போது தெரியும்.

இன்னொரு விஷயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எஸ்டேட்டுக்குள் நின்றபோது, மோட்டாரைக் கழற்றிக் காய வைத்து, மெஷினைக் கழுவி எழுப்பியது ஆபரேட்டர்களும் சேர்ந்துதான். அன்றைக்கு யாரும் இது உன் வேலை, என் வேலை என்று பிரிக்கவில்லை. அவர்களுக்கு மெஷின் உள்ளே தெரியும். தெரியாது என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

செகண்ட்_ஷிப்ட்:

பத்து நிமிடத்தைக் கழித்தீர்களா? நல்லது. இரண்டாவது, மூன்றாவது ஷிப்டுக்கும் கழித்தீர்களா, ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு மட்டுமா?

எஸ்டேட்_சூப்பர்வைசர்:

மாட்டிக்கொண்டேன். இப்போதைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் மட்டும். இரவு ஷிப்டில் மெயின்டனன்ஸ் ஆளே கிடையாது, டேக் எழுதினாலும் காலையில்தான் பார்ப்பார்கள்.

கிரீஸ்_கன்:

இரவு ஷிப்டுக்குத்தான் முதலில் வேண்டும். காலையில் நான் வந்ததும் கேட்பது, ராத்திரி என்ன நடந்தது என்றுதான், ஒருவனும் சொல்ல மாட்டான், ஷிப்ட் மாறி வீட்டுக்குப் போயிருப்பான். அலாரம் நம்பர், எத்தனை மணி, அப்போது எந்த ஜாப் ஓடியது, இந்த மூன்றும் ஒரு டேக்கில் இருந்தால் பாதி நாள் மிச்சம். ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும்போது டேக்கைக் கையில் வாங்கிக்கொள்ள எங்கள் ஆள் ஒருவர் அங்கே நிற்கட்டும். லூப் யூனிட் விஷயம் நல்ல பிடிப்பு, அந்த ஆபரேட்டரிடம் சொல்லுங்கள். மோட்டார் கிரீஸ் மட்டும் யாருக்கும் தர மாட்டேன்.

எஸ்டேட்_சூப்பர்வைசர்:

ஆறு மணி யோசனை சரி, அடுத்த வாரத்திலிருந்து வைத்துப் பார்க்கிறோம். கடைசியாக ஒரு சின்னக் கேள்வி: சாதாரண அட்டை டேக் ஆயிலில் ஊறிக் கிழிகிறது, பேனா எழுத்தும் கரைகிறது. என்ன பயன்படுத்துகிறீர்கள்?

குரோம்பேட்டை_பிரஸ்_ஷாப்:

கிழியாத சிந்தெடிக் பேப்பர், பெர்மனன்ட் மார்க்கர். பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவில் கேளுங்கள், கார்டு அடிக்கிற கடைகளில் வெட்டி, ஓட்டை போட்டு, இரண்டு நிறத்திலும் தருவார்கள். நூல் கட்டாதீர்கள், சக்கில் சிக்கும். கேபிள் டை போடுங்கள், சுற்றுகிற பாகத்துக்குப் பக்கத்தில் அதுவும் வேண்டாம், போர்டில் மாட்டி மெஷின் நம்பரை எழுதினால் போதும்.